சி-14ஐத் திருப்பி வைத்தவனுக்கு

மகனே,

முதலில் ‘அன்புள்ள’ என்று எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அன்பு இல்லாமல் இல்லை. அந்தச் சொல்லைப் பார்த்ததும், அம்மா வழக்கம்போல உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறாள் என்று மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வாய். இது அந்த மாதிரிக் கடிதம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலத்திலிருந்து நான் கோபத்தோடுதான் சமைக்கிறேன், கோபத்தோடுதான் துணி மடிக்கிறேன். உன் அப்பா இரண்டு தடவை காபியை வாயில் வைத்துவிட்டு, “சர்க்கரை போட மறந்துட்டியா, இல்ல வேணும்னே போடலையா?” என்று கேட்டுவிட்டார். நீ நண்பனின் கல்யாணத்துக்கு வேலூர் போயிருக்கிறாய். இன்று ஞாயிறு, இருட்டுவதற்குள் வந்துவிடுவாய். நாளைக் காலை ஒன்பது மணிக்கு உன் மேனேஜரின் மேஜையில் ஓர் அறிக்கையை வைக்கப் போகிறாய். அந்த அறிக்கையால் ஒரு பெண்ணின் வேலை போகப் போகிறது, அவள் செய்யாத தப்புக்காக. அது உன் தப்பு என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். இவ்வளவுதான் விஷயம். மிச்சத்தைப் பொறுமையாகப் படி. உன் தங்கையும் இதைப் படிப்பாள், அவள் பி.காம். படிக்கிறவள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நேரில் சொல்லியிருக்கலாமே என்பாய். வியாழக்கிழமை நேரில்தான் பேசினோம். சாப்பிடும்போது நீதான் ஆரம்பித்தாய். நீ டிசைன் செய்த பவர் சப்ளை போர்டு நூற்றிருபது தயாராகி டெஸ்டிங்குக்குப் போனதாம். கரண்ட் கொடுத்ததும் முதல் ஆறும் பட்டாசு மாதிரி வெடித்தனவாம். பார்த்தால் நூற்றிருபதிலும் ஒரு கெப்பாசிட்டர் தலைகீழாக இருந்ததாம். “அசெம்ப்ளில மஞ்சுளான்னு ஒரு பொண்ணும்மா. கண்ணத் தொறந்து வேலை பாக்கறதே இல்ல” என்றாய். நூற்றிருபதிலும் அதே கெப்பாசிட்டர்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாய். ஒன்றில்கூடச் சரியாக வைக்கவில்லையா என்றேன். இல்லை என்றாய். “அப்ப அது கவனக்குறைவு இல்லையேடா. கவனமில்லாதவ பத்துல தப்பு பண்ணுவா, இருபதுல தப்பு பண்ணுவா. நூத்தியிருபதுலயும் ஒரே இடத்துல ஒரே தப்புன்னா, அந்தத் தப்ப அவ கையில யாரோ குடுத்திருக்காங்க” என்றேன். உன் முகம் ஒரு கணம் மாறியது. அப்புறம் சிரித்தாய். “அம்மா, நீ டேப் ஒட்டின காலம் வேற. இப்ப சர்க்யூட்ட உள்ள குடுத்து ஆட்டோ பிளேஸ் தட்டினா இருபது நிமிஷத்துல எல்லா பார்ட்டும் தானா போய் உக்காந்துக்கும். மெஷின் தப்பு பண்ணாது” என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாய்.

தானாகப் போய் உட்கார்ந்துகொள்ளும்! பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. பதினொரு வருஷம் அந்த வேலை பார்த்தவள் நான். ஒரு பார்ட்டும் தானாக உட்காராது. யாராவது உட்கார வைக்க வேண்டும், அல்லது மெஷின் உட்கார வைத்ததை யாராவது பார்த்து ‘சரி’ என்று சொல்ல வேண்டும். அந்த ‘சரி’யைச் சொல்லத்தான் உனக்கு டிகிரியும் நாற்காலியும் ஏ.சி. அறையும் கொடுத்திருக்கிறார்கள். போர்டு நன்றாக வந்தால் அது உன் டிசைன். வெடித்தால் மட்டும் மெஷின் தப்பு பண்ணாது, அதனால் மஞ்சுளா தப்பு பண்ணிவிட்டாள். இந்தக் கணக்கு உனக்கு எந்தக் காலேஜில் சொல்லிக்கொடுத்தார்கள்?

வெள்ளிக்கிழமை உன் பையைத் திறந்தேன். சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எடுப்பதற்காகத் திறந்தேன் என்பது உண்மை. டப்பாவை எடுத்த பிறகும் மூடாமல் உள்ளே இருந்த காகிதங்களைப் பார்த்தேன் என்பதும் உண்மை. அதற்காக நீ கோபித்துக்கொள்ளலாம், உனக்கு அந்த உரிமை உண்டு. மூன்று இருந்தன. முதலாவது உன் போர்டின் பிரிண்ட் அவுட். கெப்பாசிட்டர் என்பது, மகளே, சின்ன டப்பா மாதிரி இருக்கும், இரண்டு கால். அதில் இந்த வகைக்கு பேட்டரி மாதிரி பிளஸ், மைனஸ் உண்டு. மாற்றி வைத்தால் சூடாகி, வீங்கி, வெடிக்கும். உன் அண்ணன் போர்டில் அப்படி இருபத்திரண்டு. இருபத்தொன்றுக்கு பிளஸ் இடது பக்கம். சி-14 என்ற ஒன்றுக்கு மட்டும் வலது பக்கம். ஆட்டோ பிளேஸ் அதைத் திருப்பியிருக்கிறது, கரண்ட் போகிற ஒரு கோடு இன்னொரு கோட்டின் மேல் ஏறாமல் போகட்டும் என்று. பிளஸ் என்ற குறியைப் போர்டில் அச்சடித்தது எங்கே தெரியுமா? டப்பா நிற்கிற வட்டத்துக்கு உள்ளே. வைத்த பிறகு அது டப்பாவுக்கு அடியில் போய்விடும். செக் பண்ணுகிறவளுக்கும் தெரியாது. இதெல்லாம்கூடப் போகட்டும். அந்த சி-14ஐச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்த வட்டம் உன்னுடையது. நீ போடும் வட்டம் சின்ன வயதிலிருந்தே முட்டை மாதிரிதான் இருக்கும்.

இரண்டாவது காகிதம் உன் அறிக்கை. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று இங்கிலீஷில் மூன்று இடத்தில் எழுதியிருந்தாய். சி-14 திரும்பியிருப்பதைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்றாவது, அந்தப் பெண் மெமோவுக்குக் கொடுத்த விளக்கம். கோடு போட்ட நோட்டுத் தாளில், தமிழில், ‘ஐயா, நான் மற்றதையெல்லாம் எப்படி வைத்தேனோ அப்படியேதான் இதையும் வைத்தேன். வேண்டும் என்று செய்யவில்லை’ என்று எழுதியிருந்தாள். நடந்தது என்ன என்று அந்த போர்டைப் பற்றி எழுதப்பட்ட எல்லாக் காகிதத்திலும் அது ஒன்றுதான் சரியாகச் சொன்னது. அதன் ஓரத்தில் நீ சிவப்புப் பேனாவில் ‘ஒப்புக்கொண்டுவிட்டார்’ என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது என் காது சூடானது. அவள் உண்மையைச் சொன்னாள். நீ அதைக் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆக்கிவிட்டாய். இதை ஒரு வக்கீல் செய்தால் அவன் தொழில் என்று விட்டுவிடுவேன். என் பிள்ளை செய்கிறான்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் வருகிறது என்று நீ நினைப்பாய். உன்னைவிட நான் யோக்கியம் என்பதால் இல்லை. இதே காரியத்தை நான் செய்திருக்கிறேன். உன்னிடம் சொன்னதில்லை, உன் அப்பாவிடமும் சொன்னதில்லை.

நாம் ஆவடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போனது உனக்கு நினைவிருக்கும். மெஷின்களுக்குக் கன்ட்ரோல் கார்டு செய்கிற கம்பெனி. மாடியில் நாங்கள் டிசைன். கீழே ஹாலில் போர்டில் பார்ட் வைத்து சால்டர் செய்கிற பெண்கள். முதல் சில வருஷம் எல்லாம் கையால்தான். அடியில் லைட் எரிகிற கண்ணாடி மேஜை, அதன் மேல் பிளாஸ்டிக் தாள், அதில் கரண்ட் போகிற கோடுகளுக்காகக் கறுப்பு டேப்பைப் பிளேடால் வெட்டி வெட்டி ஒட்டுவோம். ஒட்டுவதற்கு முன்னால் எந்த பார்ட்டை எங்கே வைப்பது என்று பார்க்க நான் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஓர் அட்டை வைத்திருந்தேன். அவற்றை கிராஃப் தாளில் நகர்த்தி, திருப்பி, மறுபடி நகர்த்தி இரண்டு நாள் போய்விடும். முதலாளி பின்னால் வந்து நின்று, “ஏம்மா பிஎஸ்சி, தாயம் ஆடறியா?” என்பார். பிசிக்ஸ் படித்தவள் என்பதால் எனக்கு அங்கே பெயரே பிஎஸ்சிதான்.

நீ ஆறாவது படிக்கும்போது கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று கண்ணாடி அறை, ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வந்த முதல் வாரம் அதன் மேல் போர்த்த முதலாளி வீட்டிலிருந்து பூப்போட்ட துணி வந்தது. டிப்ளமா படித்த ஓர் ஆள், எனக்குப் பின்னால் சேர்ந்தவர், தனக்குத்தான் அந்த நாற்காலி என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி என்னை உட்கார வைத்தார். “பிஎஸ்சி பாக்கட்டும். சரியா வரலைன்னா மாத்திக்கலாம்” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தோடுதான் நான் தினமும் ஆவடியிலிருந்து பஸ் ஏறினேன். திரையில் பார்ட்டுகளெல்லாம் சின்னச் சின்னப் பெட்டிகளாக இருக்கும். எது எதோடு சேர வேண்டுமோ அவற்றுக்கிடையே நூல் மாதிரி கோடுகள். ஒரு பெட்டியை நகர்த்தினால் நூல்கள் ரப்பர் மாதிரி கூடவே இழுபடும். மூலையில் ஓர் எண், எல்லா நூலின் மொத்த நீளம். பெட்டியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனால் எண் குறையும். அந்த எண்ணை முதலாளி கண்டுபிடித்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, “எவ்ளோ?” என்பார். சொன்னால், “இன்னும் எறக்கும்மா” என்பார்.

அப்படி இறக்கிய ஒரு கார்டில் எட்டு ஐசி இருந்தது. ஐசி என்பது கறுப்பாக, இரண்டு ஓரமும் பூரான் மாதிரி கால்கள் வைத்த சின்னக் கட்டை; அதற்கு ஒரு பக்கம் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். அதை வைத்துத்தான் எது தலை, எது கால் என்று தெரியும். ஏழு ஐசியை ஒரே பக்கமாக வைத்திருந்தேன். எட்டாவதைத் திருப்பி வைத்தால் நூல்களின் சிக்கு அப்படியே அவிழ்ந்து, எண் சடசடவென்று கீழே இறங்கியது. எனக்கு அப்போது ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்ல முடியும். திருப்பி வைத்தேன். முதலாளி வந்து, “அட!” என்றார். அந்த ஓர் ‘அட’வுக்காகத்தான் செய்தேன். கீழே ஹாலில் பெண்கள் எப்படி வேலை செய்வார்கள் என்று எனக்குத் தெரியும், தினமும் அவர்களோடுதான் சாப்பிட்டேன். அவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அங்கே இடது, வலது என்று யாரும் சொல்வதில்லை. ஜன்னல் பக்கம், கதவு பக்கம் என்பார்கள். “வெட்டு ஜன்னலப் பாக்கணும்” என்பதுதான் அங்கே சட்டம். அது கைக்குப் பழகிவிடும். கை வேலை செய்ய, வாய் பேசிக்கொண்டிருக்கும். அப்படிச் செய்தால்தான் ஒரு நாளைக்கு அவ்வளவு போர்டு முடியும். இதெல்லாம் தெரிந்தும் எட்டாவது ஐசியைக் கதவு பக்கம் திருப்பிவிட்டு, கீழே போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐசி வைத்தவள் கஸ்தூரி. என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள், அந்த ஹாலிலேயே வேகமான கை. எண்பது போர்டிலும் எட்டு ஐசியும் ஜன்னலைப் பார்த்தன. கரண்ட் கொடுத்ததும் எட்டாவது ஐசி தொட முடியாத சூடு. எண்பதும் போயிற்று. முதலாளி ஹாலுக்கு வந்து கத்தினார். “கண்ணு எங்க இருந்தது உனக்கு? பொடனியிலயா?” கஸ்தூரி எழுந்து நின்றாள். “கண்ணு மூஞ்சிலதான் கீது சார். மாதிரி போர்ட நீங்கதான் பார்ட்டிக்கு அனுப்பிட்டீங்க. மேல அச்சும் இல்ல. எதப் பாத்து வெக்கறது?” என்றாள். போர்டின் மேல் குறி எதுவும் அச்சடிக்க வேண்டாம், செலவு மிச்சம் என்று சொன்னது அவர்தான். அதனால் இன்னும் கத்தினார். அவர் போன பிறகு கஸ்தூரி ஒரு போர்டைக் கையில் எடுத்து, முதலாளி மாடியிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்த என் டிராயிங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நான் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். “இன்னா மேடம் இது, ஏழும் ஜன்னலப் பாத்துகினு கீது, இது ஒண்ணு மட்டும் கோச்சிகினு கதவப் பாத்துகினு கீது” என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். நான் படியேறி மாடிக்குப் போய்விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். சொன்னால் நாற்காலி டிப்ளமாக்காரருக்குப் போய்விடும். அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. சனிக்கிழமை காலையில் அவளைக் கேட்டிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டார்கள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவள் கையில் சாப்பாட்டுக் கூடை இருந்தது, பிரிக்காதது.

திங்கட்கிழமையிலிருந்து நான் திருந்திவிட்டேன், மகனே. அதுதான் இன்னும் கேவலம். ஒரு துண்டுக் காகிதத்தில் ‘ஜன்னல்’ என்று எழுதித் திரையின் இடது ஓரத்தில் ஒட்டினேன். அதன் பிறகு நான் வைத்த எந்த ஐசியும் அந்தக் காகிதத்தைத்தான் பார்த்தது. நூலின் நீளம் கூடியது. முதலாளி “ஏன் ஏறுது?” என்றபோது, “ஏறட்டும் சார், கீழ தப்பு வராது” என்று தைரியமாகப் பதில் சொன்னேன். அந்தத் தைரியம் ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டியது. என் கார்டுகளில் அப்புறம் தப்பே வரவில்லை. முதலாளி என்னைப் பாராட்டினார். அந்த டிப்ளமாக்காரரே என்னிடம் வந்து கற்றுக்கொண்டார். எல்லாம் கஸ்தூரியின் வேலையைப் பிடுங்கி வாங்கிய பாடம். நல்ல பிளேஸ்மென்ட் என்பது என்ன என்று நீ கேட்டால் இப்போதும் சொல்வேன். முதலில் நகர முடியாததை வை: கனெக்டர், சுவிட்ச், திருகு ஓட்டை, இவற்றின் இடத்தை போர்டை மாட்டுகிற வெளிப்பெட்டிதான் முடிவு செய்யும். அப்புறம் பெரிய ஐசிகள், ஒவ்வொன்றுக்கும் ஒட்டினாற்போல் அதற்குரிய சின்ன கெப்பாசிட்டர். சூடாகிறதை ஓரத்துக்குத் தள்ளு. நூலைப் பார்த்து நகர்த்து, திருப்பு, எல்லாம் செய். ஆனால் ஒரே வகைப் பொருளை ஒரே பக்கம் பார்க்க வை. ஒன்றைத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால், எழுந்து கீழே போ. அதை வைக்கப் போகிறவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, காட்டிவிட்டு வா. கீழே போகாமல் வைத்த எந்த போர்டும் பாதி வேலைதான், மூலையில் எண் எவ்வளவு குறைந்திருந்தாலும் சரி.

நாலைந்து வருஷம் கழித்துப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் கஸ்தூரியைப் பார்த்தேன். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அவளே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். “மேடம், நல்லா கீறீங்களா? பையன் எத்தினாவது படிக்குது?” என்று கேட்டாள். ஒரு தோல் கம்பெனியில் இருப்பதாகச் சொன்னாள். கையெல்லாம் சாயம். கடைசியில், “அந்த ஐசி...” என்று ஆரம்பித்தேன். “தெரியும் மேடம். அன்னிக்கே தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு நாளு பாத்துகினு இருந்தேன். அப்பால சரி, அவுங்களுக்கு இன்னா கஷ்டமோன்னு வேற வேல தேடிகினு பூட்டேன்” என்றாள். திட்டியிருந்தால் நான் வீட்டுக்கு வந்து அழுது முடித்திருப்பேன். அவள் பஸ் வந்ததும் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினாள். ரெண்டு நாளு. வெள்ளிக்கிழமை முழுதும் அவள் வேலை செய்துகொண்டே மாடிப்படியைப் பார்த்திருக்கிறாள். சனிக்கிழமை கேட்டிலும் பார்த்திருக்கிறாள். அந்த இரண்டு நாளும் நான் அவள் தலைக்கு மேலே உட்கார்ந்து எண்ணைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தெரிகிறதா, உன் பென்சில் வட்டத்தைப் பார்த்து எனக்கு ஏன் வயிறு எரிந்தது என்று? நீ புரொபேஷனில் இருக்கிறாய், தெரியும். இந்த வேலைக்கு எத்தனை இன்டர்வியூ போனாய் என்பதும் தெரியும். உன் மேனேஜர் சத்தம் போடுவார். உன்னை அந்த டிசைனிலிருந்து மாற்றினாலும் மாற்றுவார். ஆனால் நீ இன்ஜினியர். உனக்கு அம்பத்தூர் இல்லாவிட்டால் கிண்டி, கிண்டி இல்லாவிட்டால் பெங்களூர். மஞ்சுளாவை அடுத்த மாதம் நிரந்தரம் செய்ய வேண்டும் என்று உன் அறிக்கையிலேயே போட்டிருந்தது. அவளைக் ‘கவனக்குறைவு’ என்று எழுதி வெளியே அனுப்பினால் எஸ்டேட்டில் எந்த கேட்டும் அவளுக்குத் திறக்காது. தப்பு ஒன்றுதான், ஆனால் அதற்கு நீ கொடுக்கிற விலையும் அவள் கொடுக்கிற விலையும் ஒன்றில்லை. இது தெரியாத வயது இல்லை உனக்கு.

அதனால் நேற்று நான் போனேன். விளக்கக் கடிதத்தில் அவள் விலாசம் இருந்தது, சென்னீர்குப்பம். நம் முகப்பேரிலிருந்து இரண்டு பஸ். ஹைவேயில் இறங்கி, லாரிகள் போகிற வரைக்கும் நின்று ரோட்டைத் தாண்டி, விசாரித்துக்கொண்டு போனேன். அவள் அம்மா வாசலில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும், கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள். “அந்தக் கண்ணாடி போட்ட சாரோட அம்மாவா? இன்னாத்துக்கு வந்துகிறீங்க? எம் பொண்ணு இன்னும் எதுனா ஒட்ச்சிட்டாளா?” என்றாள். “இல்லைங்க. அவ எதையும் உடைக்கல. அதைச் சொல்லத்தான் வந்தேன்” என்றேன். மஞ்சுளா உள்ளிருந்து வந்தாள். உன் தங்கை வயதுதான். உன் பிரிண்ட் அவுட்டை (ஆமாம், எடுத்துக்கொண்டு போனேன், திரும்ப உன் பையில் வைத்துவிட்டேன்) தரையில் விரித்தேன். பென்சில் வட்டத்தை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மற்றதெல்லாம் எந்தப் பக்கம் பார்க்கிறது பார் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைத் தானே நகர்த்தினாள். “இது ஒண்ணுதான் திரும்பிகினு கீது” என்றாள். பிறகு நிமிர்ந்து, “அப்ப அது என் தப்பு இல்லியா ஆண்டி?” என்று கேட்டாள். ஒரு வாரமாக அந்தப் பெண் தன் கையையே நம்பாமல் இருந்திருக்கிறாள். “ஊட்ல காப்பி டம்ளரக்கூட ரெண்டு கையால புடிக்கிறா” என்றாள் அவள் அம்மா. அதைக் கேட்டபோது உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் நிற்க வைக்கவில்லையே என்று இருந்தது.

பிறகு மஞ்சுளா வட்டத்தின் மேல் விரலை வைத்து, “இது யாரு போட்டது? சாருக்குத் தெரியுமா?” என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னைக் காப்பாற்ற வாய் தயாராகத்தான் இருந்தது. ஒரு தடவை பழகிய வாய். “தெரியும்” என்றேன். அவள் அம்மா, “தெரிஞ்சிகினே எழுதிச்சா உங்க புள்ள? படிச்ச புள்ளன்றீங்க!” என்றாள். ஆமாம் என்று தலையாட்டினேன். மஞ்சுளாதான் அம்மாவை அடக்கினாள். “நீ கம்னு இரும்மா. அவுங்க இன்னா பண்ணுவாங்க” என்றாள். என்னிடம் திரும்பினாள். “ஆண்டி, நீங்க வாயால சொல்றீங்க. நாளான்னிக்கி உள்ள கூப்ட்டு கேக்கச்சொல்ல நான் இன்னா சொல்றது? சாரோட அம்மா ஊட்டுக்கு வந்து சொன்னாங்கன்னா? சிரிப்பாங்க. எழுதிக் குடுப்பீங்களா?” என்றாள்.

எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். எழுதியது இதுதான். இதை முடித்ததும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு சென்னீர்குப்பம் போகிறேன். நீ வீடு வந்து சேர்வதற்குள் ஒரு பிரதி அவள் கையில் இருக்கும். என் கதையும் அதில் இருக்கிறது; உன் மேனேஜர் படித்தால் அதையும் சேர்த்தே படிக்கட்டும். உன் அறிக்கையை நான் தொடவில்லை, கிழிக்கவில்லை. அது பையில் வைத்த இடத்தில்தான் இருக்கிறது. அதை மாற்றி எழுதுவது உன் கையில்.

நேற்று நான் கிளம்பும்போது மஞ்சுளா ரோடு வரைக்கும் வந்தாள். நான் உனக்காக எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவளாகத்தான் சொன்னாள். “நாங்க எட்டரைக்கே உள்ள பூடுவோம் ஆண்டி. சாரு ரிப்போட்டு குடுக்கறது ஒம்போது மணிக்கு. அதுக்குள்ள அவரே சொல்லிட்டாருன்னா, நான் இத வெளிய எடுக்க மாட்டேன். அவருக்கும் வேல போவக் கூடாதில்ல.” அந்த அரை மணி நேரத்தை உனக்கு அவள் கொடுத்திருக்கிறாள். நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அம்மா